வாடகைக்காரருக்கு நோட்டீஸ்: வாயால் சொன்னது போதாதா?

வாடகை அக்ரிமெண்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று போன இதழில் ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் கேட்டது ஒன்றேதான். எழுதி வைத்தாச்சு, ஆனால் குடியிருப்பவர் அதன்படி நடக்கவில்லை, பத்துத் தடவை சொல்லியும் கேட்கவில்லை, இனி என்ன செய்ய? இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: *ராமேஸ்வரத்தில் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. மாடியில் நாங்கள், கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு. குடியிருக்கத்தான் விட்டேன். எட்டு மாதமாக முன் அறையையும் ஹாலையும் யாத்திரை வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அமாவாசை என்றால் இருபது பேர். செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது. சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பார்கள், மறுநாள் அதே கதை. வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டேன். இது நோட்டீஸ் ஆகாதா? (வாசகி, ராமேஸ்வரம்)*

பதில்: அம்மா, எட்டு மாதம் பொறுத்திருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். ஆனால் அந்த எட்டு மாதத்துக்கும் உங்கள் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. நாளைக்கு நீதிமன்றத்தில் "அக்கா ஒன்றுமே சொல்லவில்லை, தெரிந்துதான் சும்மா இருந்தார்கள்" என்று அவர்கள் சொன்னால் மறுக்க அந்த வாட்ஸ்அப் செய்தி தவிர எதுவும் இருக்காது. "சரிக்கா" என்ற சொல்லுக்கு சாட்சி கிடையாது.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்த்துவிடலாம். ராமேஸ்வரம் நகராட்சி. அதனால் உங்களுக்குப் பொருந்துவது, நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. இதன் 21-ஆம் பிரிவில் வீட்டைத் திரும்பக் கேட்கக்கூடிய காரணங்கள் எழுதியிருக்கின்றன. உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ வேறு ஒருவர் வசம் கொடுப்பது ஒரு காரணம். வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது இன்னொன்று. இந்த இரண்டாவதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: நிறுத்தச் சொல்லி நீங்கள் நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த பிறகும் அவர்கள் தொடர வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் போனால் அந்தக் காரணம் காலில்லாத நாற்காலி.

எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவைப் பின்பற்றுங்கள். எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் அனுப்பலாம், அல்லது அவர் கையிலேயே கொடுக்கலாம், அல்லது அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். அதெல்லாம் முடியாதபோதுதான் கதவில் ஒட்டுவது. உங்கள் வாட்ஸ்அப் செய்தியை வீணென்று சொல்ல மாட்டேன், நீங்கள் முன்பே சொன்னீர்கள் என்று காட்ட உதவும், அழித்துவிடாதீர்கள். ஆனால் அதை நம்பி மட்டும் நிற்காதீர்கள். "போனில் பார்க்கவில்லை, பையன் வைத்திருந்தான்" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்கள்.

சரி, என்ன எழுதுவது? வக்கீலிடம் போவதற்கு முன்னால் நீங்களே எழுதக்கூடியதுதான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"மேற்படி விலாசத்தில் உள்ள கீழ்த்தள வீட்டை உங்கள் குடும்பம் குடியிருப்பதற்காக மட்டும் இன்ன தேதி அக்ரிமெண்டின்படி, மாதம் இவ்வளவு வாடகைக்கு உங்களுக்கு விட்டிருக்கிறேன். அக்ரிமெண்டின் 6-வது ஷரத்துப்படி வீட்டை வேறு யாருக்கும் உள்வாடகைக்கு விடக்கூடாது. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், இன்ன தேதி, முன் அறையிலும் ஹாலிலும் வெளியூர்க்காரர்கள் பதினெட்டுப் பேரை நாள் வாடகைக்குத் தங்க வைத்தீர்கள். இன்ன தேதி ஆறு பேர், இன்ன தேதி நான்கு பேர். வாசல் கிரில்லில் 'ரூம் கிடைக்கும்' என்று அட்டை தொங்குகிறது. இன்ன தேதி செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்து, நான் பணம் கட்டி லாரி வைத்து எடுத்தேன். இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நாள் வாடகைக்கு விடுவதை முழுக்க நிறுத்தி, அட்டையைக் கழற்றிவிட்டு, அதை எழுத்தில் எனக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் மேற்படி 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்வேன்."

தேதி, கையெழுத்து. அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பாருங்கள். ஊரே சிரிக்கிறது என்று இல்லை. அவர்கள் சாதி, பழக்கவழக்கம், பெண் யாரோடு பேசுகிறாள், ஒன்றும் இல்லை. போன தீபாவளிக்கு நடந்த சண்டை இல்லை. எனக்கு வரும் நோட்டீஸ் நகல்களில் பத்துக்கு ஏழு, கோபத்தில் எழுதியவை. நாலு பக்கம் திட்டியிருப்பார்கள், எந்த ஷரத்தை எந்தத் தேதியில் மீறினார்கள், என்ன செய்தால் சரியாகும், எப்போதுக்குள் என்ற ஒரு வரி மட்டும் காணாது. அந்த ஒரு வரிதான் நோட்டீஸ், மற்றதெல்லாம் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

15 நாள் என்பது நான் சொல்வது. தவறான பயன்பாட்டுக்கு இத்தனை நாள் என்று அந்தப் பிரிவில் கணக்கு வைக்கவில்லை, அதனால் நியாயமாக ஒரு கெடு கொடுங்கள். முன்பணம் வாங்கி ரூம் பேசியிருப்பார்கள், திருப்பிக் கொடுக்க நேரம் வேண்டும் அல்லவா? நாளைக்கே நிறுத்து என்றால் அவர்களால் முடியாது, முடியாததைக் கேட்ட நோட்டீஸ் நீதிமன்றத்திலும் எடுபடாது.

இன்னொன்று, இதை நீங்கள் தள்ளிப் போடக்கூடாது என்பதற்குக் காரணம் கரண்ட் மீட்டர். சர்வீஸ் உங்கள் பெயரில், வீட்டு இணைப்பு. அதில் வணிகம் நடப்பதாக ஆய்வில் தெரிந்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் போடலாம். சம்பாதித்தது அவர்கள், பில் வருவது உங்கள் பெயருக்கு. இதையும் நோட்டீஸில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கையில் கொடுத்து இன்னொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம், தபாலில் அனுப்புங்கள். கையில் கொடுத்தாலும் தபாலிலும் அனுப்பச் சொல்வேன், நாற்பது ஐம்பது ரூபாயில் முடிகிற காரியம். மாத வாடகை வந்தால் வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள், ரசீதில் "இன்ன தேதி நோட்டீஸுக்குப் பாதகமில்லாமல் பெற்றது" என்று எழுதுங்கள். அந்த அரை வரியின் அருமை அடுத்த பதிலில் தெரியும்.

கேள்வி: *மண்டபத்தில் வீடு. குடியிருப்பவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரலிலிருந்து வாடகை தரவில்லை, இரண்டு மாதம் தாண்டிவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், தடைக்காலம் என்கிறார். எனக்கும் பேங்க் லோன் இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டால் தானாகப் போய்விடுவார் என்று மச்சான் சொல்கிறார். செய்யலாமா? (வாசகர், மண்டபம்)*

பதில்: செய்யாதீர்கள் ஐயா. மச்சான் சொன்னதை இன்றோடு மறந்துவிடுங்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியத் தேவைகளை வீட்டுக்காரர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக்கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. அவர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனுக் கொடுத்தால், வாடகை தராத ஆளை விட்டுவிட்டுத் தண்ணீரை நிறுத்திய உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அதுவும் நம் பக்கத்தில். கிணறு உப்பு, காவிரித் தண்ணீர் வரும் நாளைக் கணக்குப் பார்த்துக் குடம் வைக்கிற ஊர். குழந்தை இருக்கும் வீட்டில் மோட்டாரை நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியும்.

பூட்டுப் போடுவதும் இதே கணக்குத்தான். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மண்டபம் பேரூராட்சி, ஆகவே 2017 சட்டம்தான். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பாக்கியையும் கட்டாவிட்டால்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் இந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆகவே நோட்டீஸில் கணக்கு பைசா சுத்தமாக இருக்க வேண்டும். ஏப்ரல் வாடகை இவ்வளவு, மே இவ்வளவு, அக்ரிமெண்டில் வட்டி எழுதியிருந்தால் அது இவ்வளவு, மொத்தம் இவ்வளவு, எந்தக் கணக்கில் கட்டுவது. பெயிண்ட் செலவு, உடைந்த ஜன்னல், கைமாத்தாகக் கொடுத்த ஆயிரம் ரூபாய் எல்லாவற்றையும் வாடகைப் பாக்கி என்று ஒரே தொகையாகப் போடாதீர்கள். தொகை தப்பென்று அவர் காட்டிவிட்டால் நோட்டீஸே ஆட்டம் காணும்.

பணம் வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். வாடகையை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்து, அந்தக் கெடுவும் முடிந்த பிறகு, அதற்குப் பிந்தைய மாதத்து வாடகையை வழக்கம்போல வாங்கிக்கொண்டால், நோட்டீஸை நீங்களே கைவிட்டதாக அவர் வாதாட சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. என்ன கணக்கில் வாங்குகிறீர்கள் என்று ரசீதில் எழுதாமல் வாங்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன "பாதகமில்லாமல்" இதற்குத்தான்.

சட்டம் முடிந்தது. இனி ஒரு வார்த்தை. நம் கடலில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இது புயல் மாதிரி திடீரென்று வருவதில்லை. படகுக் கூலிக்குப் போகிறவருக்கு வீடு விடும்போதே நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் எழுதிக் கொடுக்கும் அக்ரிமெண்டுகளில் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு ஷரத்து சேர்ப்பேன்: மே, ஜூன் மாதங்களில் பாதி வாடகை, மீதியை ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டு தவணையாக. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஏமாற்றியவர் ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. உங்கள் நோட்டீஸிலும் கடைசியில் ஒரு பத்தி சேர்க்கலாம், "தவணையாகக் கட்ட விரும்பினால் பத்து நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள்" என்று. அதனால் உங்கள் உரிமை ஒன்றும் குறையாது.

கேள்வி: *நாங்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள். தங்கச்சிமடத்தில் ஓட்டுச் சாய்ப்போடு சேர்ந்த கான்கிரீட் வீடு. கருவாடு வாங்கி விற்கிறோம். நேற்றுக் காலை கதவில் ஒரு தாள், "கருவாடு வைத்து வீட்டை நாசம் செய்ததால் மூன்று நாளில் காலி செய், இல்லாவிட்டால் பூட்டுவேன்". கையெழுத்து இல்லை. நான் அப்போது வீட்டுக்குள்தான் இருந்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது. பயமாக இருக்கிறது சார். (வாசகி, தங்கச்சிமடம்)*

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி. மூன்று நாளில் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது.

நீங்கள் அனுப்பிய வீட்டு வரி ரசீதில் ஊராட்சி என்று இருக்கிறது. 2017 சட்டம் நகர்ப்புறத்துக்கானது. கிராம ஊராட்சி எல்லையில் சொத்து மாற்றுச் சட்டம்தான். (படிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஒரே சாலையில் இந்தப் பக்கம் நகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று நம் தீவில் இருக்கிறது.) அந்தச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ், அதுவும் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கையெழுத்தில்லாத தாள் நோட்டீஸ் ஆகாது. நீங்கள் வீட்டுக்குள் இருக்கும்போது கையில் கொடுக்காமல் கதவில் ஒட்டியதும் சரியில்லை. ஷரத்தை மீறிவிட்டார்கள், அதனால் வாடகையை ரத்து செய்கிறேன் என்று அவர் வழக்குப் போட வேண்டுமானால், 114-அ பிரிவு இன்னும் கறாரானது: என்ன மீறல் என்று குறிப்பாகச் சொல்லி, சரி செய்யக்கூடியதாக இருந்தால் சரி செய்யச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அதற்கு நியாயமான அவகாசமும் தர வேண்டும். வாடகைப் பாக்கிக்கும் உள்வாடகைக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது, உங்கள் கதைக்குப் பொருந்தும்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒட்டியபடியே போட்டோ எடுத்து, அப்புறம் பத்திரமாகப் பிரித்து வையுங்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் பூட்டிவிட்டால், உடனே காவல் நிலையத்தில் புகார். அதோடு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்ப வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அதில் வராது. பெண் என்பதால் வருமானம் எவ்வளவானாலும் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்ப்பை ஒட்டிய சுவரில் மூட்டை சாத்தியிருக்கிறது. மூட்டைக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் கசிந்து ஓடிய தடம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தூணின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பூச்சு உப்பி விரிசல் விட்டிருக்கிறது, விரிசலில் துரு நிறம் எட்டிப் பார்க்கிறது. அது உள்ளே கம்பி வரை உப்பு இறங்கிய அடையாளம். நம் கரையில் கடல் காற்றே கம்பியைத் தின்னும், அதன் மேல் கருவாட்டு உப்பும் சேர்ந்தால் அந்தத் தூண் என்ன செய்யும்? துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளிவிடும். வீட்டுக்காரர் சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் பொய்யில்லை. வாடகைக்காரர் செய்கையால் வந்த பழுதை, நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் வாடகைக்காரரே சரி செய்து கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 108-ஆம் பிரிவில் இருக்கிறது.

ஆகவே அவர் ஒழுங்காக நோட்டீஸ் கொடுக்கும் வரை காத்திருக்காமல் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். "உங்கள் தாளைப் பார்த்தேன், அது முறையான நோட்டீஸ் அல்ல. இருந்தாலும் மூட்டைகளை இன்ன தேதிக்குள் வீட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன், தூண் பூச்சைக் கொத்தனாரிடம் காட்டிச் சரி செய்கிறேன், நீங்களும் வந்து பாருங்கள்." தபாலில் அனுப்புங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ராமநாதபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் கிணற்றுச் சுவர் இடிந்துவிட்டது. வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். வீட்டை அழித்துவிட்டீர்கள், உருப்படுவீர்களா என்று. எதைச் சொல்கிறார் என்றே அம்மாவுக்குப் புரியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிணற்றுச் சுவர்தான் என்று ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சிமெண்ட் குழைத்துக் கட்டியிருப்பார். அதற்குள் சாமானை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டோம்.

கேள்வி: *ஊர் பெயர் வேண்டாம். எங்கள் பின்கட்டுக் கொட்டகையைக் குடோனாக வாடகைக்கு விட்டேன். இரவில் ஆள் நடமாட்டம், ஒரு மாதிரி வாடை. கடல் அட்டை பதப்படுத்துகிறார்கள் என்று சந்தேகம். நோட்டீஸ் கொடுக்கவா?*

பதில்: இதற்கு நோட்டீஸ் வேண்டாம். கொடுத்தால் மறுநாள் கொட்டகை காலியாக இருக்கும், கேள்வி உங்களிடம் வரும். கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வனத்துறைக்கோ காவல்துறைக்கோ இன்றே எழுத்தில் தகவல் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை உடைத்து நீங்களே உள்ளே போய்ப் பார்க்காதீர்கள். மற்றபடி சாதாரணமாக வீட்டைப் பார்வையிடவே 2017 சட்டப்படி 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும்.

கேள்வி: *நான் துபாயில் வேலை பார்க்கிறேன். கீழக்கரையில் என் பெயரில் உள்ள வீட்டை வாப்பா பார்த்துக்கொள்கிறார். வாடகைக்காரர் சுவரை இடித்துக் கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டார். வாப்பா கையெழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் செல்லுமா? முதலில் ஒன்று அனுப்பினோம், "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்துவிட்டது. (வாசகர், துபாய்)*

பதில்: உங்கள் சார்பில் வாப்பா கையெழுத்துப் போடலாம் தம்பி, ஆனால் அந்த அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்று காட்ட ஒரு தாள் வேண்டும். இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதிச் சான்று வாங்கி அனுப்புங்கள். ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும், பலர் பீரோவில் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். நோட்டீஸில் "இன்னாரின் பவர் ஏஜெண்ட்" என்று போட்டே கையெழுத்திடட்டும்.

திரும்பி வந்த கவரைப் பிரித்துவிட்டீர்களா? பிரிக்கவில்லை என்றால் அப்படியே வையுங்கள், அது பொன்னான கவர். சரியான விலாசம் எழுதி, தபால் செலவு கட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. வாங்க மறுத்தால் கிடைத்த மாதிரிதான், கிடைக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. தபால்காரர் தேதியோடு எழுதிய அந்த வரி, ஒட்டிய கவர், உள்ளே இருக்கும் தாள், மூன்றும் சேர்ந்து நீதிமன்றத்தில் பிரிக்கப்பட வேண்டும்.

அடுத்து அனுப்பும்போது ஒன்று கவனியுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் வெறும் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லாமல், பதிவு வசதியோடும் சேர்ப்பித்ததற்கான சான்றோடும் வேண்டும் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூடவே ஷட்டரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எப்போது மூடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் பதில் போட்டால் அது சாட்சி. பிறகு நீதிமன்றத்தில் வைக்க 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், ஆகவே போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: *தேவிபட்டினத்தில் வீட்டை மூன்று லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டேன். மூன்று வருடம் முடிந்தது. ஒத்தி பிடித்தவர் என்னைக் கேட்காமல் வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பணத்தைத் தருகிறேன் என்றால் பிடி கொடுக்காமல் பேசுகிறார். வாடகைதாரர் நோட்டீஸ்தானே இதற்கும்? (வாசகர், தேவிபட்டினம்)*

பதில்: இல்லை ஐயா. ஒத்தி வாடகை அல்ல, அது அடமானம். வீட்டின் அனுபவம் அவருக்கு, பணம் உங்களுக்கு. சொத்து மாற்றுச் சட்டத்தில் அனுபவ அடமானம் என்று தனியாகவே இருக்கிறது. காலி செய் என்று வாடகைக்காரருக்குப் போல எழுதினால் முதல் வரியிலேயே சறுக்கிவிடும். எழுத வேண்டியது மீட்பு நோட்டீஸ்: இன்ன தேதி ஒத்திப் பத்திரம், தொகை 3,00,000, கெடு முடிந்த தேதி இது, பணம் தயாராக இருக்கிறது, இன்ன தேதி இன்ன இடத்துக்கு வந்து வாங்கிக்கொண்டு வீட்டையும் பத்திரத்தையும் ஒப்படையுங்கள். உள்ளே இருக்கும் ஆளுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அவர் அப்பாவியாக இருக்கலாம், தன் அட்வான்ஸை யாரிடம் கேட்பது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

ஒத்தியைப் பதிவு செய்தீர்களா என்று எழுதவில்லை. நம் பக்கம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டு முடித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால் வழி வேறு, பத்திர நகலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பதிவாகி இருந்து, நோட்டீஸுக்கும் அவர் மசியவில்லை என்றால், 83-ஆம் பிரிவின்படி அந்த மூன்று லட்சத்தையும் அவர் கணக்கில் நீதிமன்றத்திலேயே கட்டிவிடலாம். நீதிமன்றமே அவருக்கு அறிவிப்பு அனுப்பும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, பணம் உங்கள் கையில் இருந்ததற்கு அடையாளமாக அந்தத் தேதியில் பேங்க் பாஸ்புக்கைப் பதிவு போட்டு வாங்கி வைப்பது.